வலது முன்சக்கரம்

பட்டாளத்துச் சக்கரங்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்று ரோஷன் பீவி அடுப்பிலிருந்த சோற்றைக் குழைய விட்டாள். அவள் புருஷன் ரஹ்மத்துல்லாவுக்கு அது கண்ணில் படவில்லை. குழைந்த சோற்றை மீன்குழம்போடு பிசைந்து தின்றுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டான். நான்கு சக்கரங்களையும் உருட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு மறுபடியும் இறக்கி வைத்தான். புது மாப்பிள்ளை மாதிரி முகத்தில் ஒரு களை.

அவனுக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில் தப்பில்லை. அவன் பிழைப்பே அந்தப் பழைய அமெரிக்கக் கார்தான். செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போவான். உச்சிப்பொழுதில் கழுகு வந்து சோறு தின்பதைக் காட்டுவான். அங்கிருந்து மகாபலிபுரம் போய்க் கடற்கரைக் கோயிலைக் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து ரயிலேற்றுவான். வருஷக்கணக்காக அந்தக் கடற்காற்றில் நின்று நின்று காரின் கம்பிச் சக்கரங்கள் உப்பரித்துப் போயின. ஒரு கம்பி அறுந்தால் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி அறுந்தது. மாற்றுச் சக்கரம் சென்னைப் பட்டணத்திலேயே கிடைக்கவில்லை. சண்டை முடிந்து பல வருஷம் ஆகியும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்கள் பல்லாவரத்துப் பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன. டிஸ்போஸல் என்றால் அப்போது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். வெயிலுக்குத் தொங்கிய படுதா, தண்ணீர் மொண்ட தகரப்போணி எல்லாம் டிஸ்போஸல். அங்கே அலைந்து திரிந்து, காரின் ஆணிகளுக்கு அச்சாகப் பொருந்துகிற சக்கரங்களை அவன் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தான். கம்பியில்லாத முழு இரும்பு. மேலே உரிந்துபோன பச்சைச் சாயம்.

ரோஷன் பீவி வாசற்படியில் தொங்கிய சாக்குத்திரையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

"இது எந்த வண்டியில இருந்துதோ" என்றாள்.

"ஆபீசருங்க போற கார்ல இருந்துது. இரும்பப் பாரு, இன்னா கனம். நம்ம காலத்துக்கும் தாங்கும்."

"யாரு செத்த காரோ."

"தோ ஆரம்பிச்சிட்டியா? செத்தவன் கார இங்க எவன் தூக்கிக்கினு வரான்?"

"எங்கண்ணன் ஓட்டுன லாரியில கூட எல்லாத்தயும் கயட்டிக்கினு வந்து ஏலத்துல வித்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

ரோஷனின் அண்ணன் பஷீருதீன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன். பர்மா எல்லையில் லாரியோடு பள்ளத்தில் போய்விட்டான் என்று செய்தி வந்தது, ஆள் வரவில்லை. வாப்பாவும் உம்மாவும் அந்தத் துக்கத்திலேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கென்று மிஞ்சியது இந்தப் புருஷனும், ஓதப் பழகும் வயதில் ஒரு பெண்ணும்தான். புருஷனோ இன்னொரு பஷீருதீனாகத் தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிறவன். அவன் கார் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அவளுக்கு ஒருவாய்ச் சோறு இறங்காது.

"தர்காவுல ஓதி ஒரு தகடு வாங்கியாறேன். கார்ல எங்கனா வெச்சிக்கோங்க" என்றாள்.

அவன் சிரித்தான். "வர்றவன் எலுமிச்சம்பயம் கட்டுன்றான். நீ தகடு கட்டுன்ற. அல்லா மேல பாரத்தப் போட்டுட்டு ஒயுங்கா பிரேக்க மிதிச்சா போதும் ரோஷன். என் கார்ல ஒண்ணும் கட்டாத. பாக்கறவன் சிரிப்பான்."

வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிற பெண் அல்ல அவள். சொல்லாமல் செய்கிறவள். அந்தக் குணத்தை அவன் அதுவரை நல்ல குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்களோடு பஸ் ஏறிக் கடலோரத்துத் தர்காவுக்குப் போனாள். ஓதிக் கொடுக்கிறவர் செப்புத் தகடு ஒன்றைக் கொடுத்தார். தீப்பெட்டி அகலம், காலணாக் காசின் தடிமன். கட்டம் போட்டு உள்ளே அல்லாவின் வசன எழுத்துகள் செதுக்கியிருந்தன. நிலைப்படியில் வைப்பதற்காகத்தான் அவர் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது ரஹ்மத்துல்லா உப்புக்காற்றுக்காகச் சக்கரங்களுக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் காயவைத்திருந்தான்.

"இதுல உங்க பக்கத்துச் சக்கரம் எது?" என்று கேட்டாள்.

அவளுக்குக் காரைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. "இதோ. நல்ல டயர் இதுலதான் போடப்போறேன். வலது கைப்பக்கம், முன்னால. என் காலுக்கு நேரா வரும்."

அவன் ஸ்டேஷனுக்குப் போன பிறகு, கத்திப் பிடி கழன்றால் ஒட்டுவதற்கு வைத்திருந்த அரக்கை உருக்கினாள். அந்தச் சக்கரத்தைக் கவிழ்த்து, முதுகுப்பக்கம் ஆணி ஓட்டைகளுக்கு நடுவே சமமாக இருந்த இடத்தில் தகட்டை ஒட்டினாள். பிஸ்மி சொல்லித்தான் ஒட்டினாள். அந்த இடம்தான் காரோடு சேர்ந்து உட்காரும் இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே தெரியாத இடம், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மறுநாள் அவன் இரண்டாவது கை சாயம் அடித்தான். அரக்கும் தகடும் கறுப்புக்குள் போயின.

சக்கரங்களை மாட்டி ஓட்டிய முதல் நாளே ஸ்டியரிங் கையில் நடுங்கியது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வேகம் பிடித்தால் காரே குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. காற்றைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். டயரைத் திருப்பிப் போட்டான். ஏறியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு பட்டணத்து அம்மாள் திருக்கழுக்குன்றத்திலேயே இறங்கிக்கொண்டு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு வந்தான். கோர்ட்டு ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கொட்டகை போட்டுக் கார் வேலை பார்க்கிறவன் கண்ணாயிரம். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் ஒரு எண்ணம் தலையில் ஏறிவிட்டால் இறங்காது. வந்ததும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"டிஸ்போஸல் சக்கரமா பாய்? அப்பப் பாக்கவே தேவையில்ல. குத்தம் சக்கரத்துலதான்."

"பாக்காமயே சொன்னா எப்டி கண்ணாயிரம்?"

"பட்டாளத்துக்காரன் நல்ல சக்கரத்த வெளிய தள்ளுவானா? குண்டுக்குழியில எறக்கி ஒடச்சி, அப்பாலதான் நம்ம தலயில கட்டுவான். சரி, உன் திருப்திக்குப் பாத்துட்றேன். ஜாக்கிய வெய்யி."

குனிந்து அச்சை ஆட்டிப் பார்த்தான். சக்கரத்தைத் திருப்புகிற கிங்பின்னில் ஆட்டம் இல்லை. நட்டுகளைக் கழற்றி மாட்டினான். அப்புறம் வலது முன்சக்கரத்தை எடுத்துப் பின்னால் போட்டு, பின்சக்கரத்தை முன்னால் போட்டு, ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தான்.

"பாத்தியா? இப்ப ஸ்டியரிங் ஆடல. பின்னால குண்டி ஆடுது. சக்கரம் எங்க போவுதோ ஆட்டமும் அதுகூடயே போவுது. நான் சொன்னேன்ல?"

பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிவிட்டான். ஒரு சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தான். சக்கரம் சுற்றி நின்றதும் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு, மறுபக்கம் சுத்தமாகக் கறுப்பு.

"கோணல்" என்றான். "ஒரு பக்கம் வெளிய தள்ளிக்கினு கீது."

சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்தான். திரைக்குப் பின்னால் நின்றிருந்த ரோஷன் பீவி சாக்கை விலக்கிப் பார்த்தாள். அவன் கட்டைவிரல் ஆணி ஓட்டைகளைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து, தகடு இருந்த இடத்தில் நின்றது. கறுப்புச் சாயத்துக்கு அடியில் ஒரு சின்ன மேடு. அவன் அதை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தான்.

"இன்னாது?" என்றான் ரஹ்மத்துல்லா.

ரோஷன் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். புருஷன் தெருவில் வைத்துச் சிரிப்பானே, அந்நிய ஆள் முன்னால் என்ன சொல்லுவானோ என்ற வெட்கம் குறுக்கே வந்து நின்றது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்துக்குள் கண்ணாயிரம் பேசிவிட்டான்.

"ஒட்டுப் போட்டிருக்கான் பாய். எங்கயோ வெடிச்சிருக்கும், பட்டாளத்துக்காரன் தகரம் வெச்சி பத்தவெச்சிருக்கான். இத்த வெச்சே தெரியலியா, அடிபட்ட சக்கரம்னு?"

"அப்ப தூக்கிப் போட்றதா?"

"எதுக்குத் தூக்கிப் போட்ற? நாலு தட்டு தட்டுனா நேராயிடும். நான் கீறேன் இல்ல?"

தச்சுக்கட்டை ஒன்றை உருட்டி வந்து, சக்கரத்தை அதன்மேல் கிடத்தி, சம்மட்டியால் அடித்தான். அடித்துவிட்டுக் காரில் மாட்டுவான், சுழற்றுவான், சாக்குக்கட்டியைக் காட்டுவான், கழற்றி மறுபடி அடிப்பான். தெருவே அதிர்ந்தது. ஒவ்வொரு அடியும் அல்லாவின் பெயர்மேல் விழுவதாக ரோஷனுக்குத் தோன்றியது. சமையற்கட்டுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு, ரிம் முழுக்க ஒரே சீராக வெள்ளைக்கோடு விழுந்தது.

"இப்ப எங்க வேணா மாட்டிக்கோ பாய். மகாராஜா மாதிரி ஓடும்."

நல்ல டயர் அதில் இருந்ததால் ரஹ்மத்துல்லா அதை மறுபடி வலது முன்பக்கமே மாட்டினான். மெய்யாகவே ஓடியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டால்கூடக் கோடு பிசகாமல் போனது. அன்று கண்ணாயிரத்துக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு. ஆட்டுக்கறிச் சால்னாவும் ரொட்டியும் தின்றுவிட்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான் கண்ணாயிரம். உள்ளே ரோஷன், ஓதின தகடு வேலை செய்துவிட்டது, செத்தவன் சக்கரத்தை அடக்கிவிட்டது என்று நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள். ஒரு சக்கரம் நேரானதற்கு அந்த வீட்டில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்றுக்கொன்று தெரியாது.

மழைக்காலம் வந்தது. கொளவாய் ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டது. மார்கழியில் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வந்தார்கள். ரஹ்மத்துல்லா மகாபலிபுரத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் ஓலைக்கூடையில் நெத்திலியோ சங்கராவோ வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் மீன் வறுக்கும் வாசனை இல்லாத நாள் இல்லை. அந்தச் சில மாதம் ரோஷன் பீவி கார் சத்தத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே சாப்பிட்டாள்.

அவள் மகள் ஜஹனாராவுக்கு ஓதக் கற்றுக்கொடுக்க உம்மு சல்மா வருவாள். பக்கத்துத் தெரு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துப் பிழைக்கிறவள். ஒரு நாள் ஜஹனாரா ஓதுகிற கிதாபைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். உம்மு சல்மா பதறிப்போய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கீய வெக்கலாமாடி? அல்லாவோட கலாம், அவன் சொன்ன வார்த்த. கால் பட்ற எடத்துல வெக்கலாமா?"

"புள்ள தெரியாம வெச்சிட்டா" என்றாள் ரோஷன்.

"தெரியாம வெச்சா எடுத்துடணும். எங்க ஊர்ல ஒரு வண்டிக்காரன், மாடு நொண்டுதுன்னு ஓதுன தாயத்த வாங்கியாந்தான். கயுத்துல கட்டுனா சரி. இவன் கால்லயே கட்டிட்டான். சாணியிலயும் மூத்திரத்துலயும் மிதிச்சிக்கினு போச்சி அந்த மாடு. மாடும் போச்சி, அவனும் போயிட்டான்."

ரோஷனின் கையிலிருந்த முறம் சாய்ந்தது. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை அந்த ரோட்டில் என்னவெல்லாம் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாணி, சேறு, செத்த நாய். தினமும் அதன்மேல் உருள்கிற சக்கரத்தில் அவள் அல்லாவின் கலாமை ஒட்டி வைத்திருக்கிறாள்.

"அறியாம செஞ்சவங்க இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச அன்னிக்கே எடுத்துத் தண்ணில வுட்டுடணும். தெரிஞ்சும் வெச்சிருந்தா அதாம்மா பாவம்."

உம்மு சல்மா யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. கிதாபை மரத்தாங்கியான ரெஹாலில் வைத்துவிட்டு மறுபடி பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ரோஷனுக்குத் தூக்கம் இல்லை. கார் வீட்டில் நிற்கும்போது அந்தச் சக்கரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வழி பிறந்தது. டயரில் ஆணி குத்திக் காற்று இறங்கியிருந்தது. ரஹ்மத்துல்லா அந்தச் சக்கரத்தைத்தான் கழற்றினான். டயரை உரித்து டியூபுக்கு ஒட்டுப் போட்டு, காயட்டும் என்று வைத்துவிட்டு, குளித்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, கொத்துக்கத்தியால் அரக்கைச் சுரண்டினாள். தகடு ஒரே துண்டாக வந்தது. சம்மட்டியடி பட்டதில் லேசாக நெளிந்திருந்தது, எழுத்துகள் அழியவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். தகட்டை வெள்ளைத்துணியில் சுற்றி, துவைக்கிற துணிகளோடு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தண்ணீரோடு விட்டாள். திரும்பி வரும்போது அவள் மனசில் பாரமே இல்லை. அவள் அறியாமல் செய்த பாவத்தை அறிந்தே கழுவிவிட்டாள். ரஹ்மத்துல்லா தொழுகை முடிந்து வந்து டயரை மாட்டி, சக்கரத்தைக் காரில் ஏற்றி, நட்டுகளை முறுக்கினான்.

மறுநாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மறுபடியும் ஆடுது ரோஷன். முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. பழய ஆட்டம் போதாதுன்னு உள்ளேருந்து ஒரு சத்தம் வேற, கடக்குக் கடக்குன்னு."

அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "கண்ணாயிரத்தக் கூப்பிடுங்க."

"அவன் எங்க கீறான்? மச்சினிச்சிக்கு வளகாப்புன்னு உத்தரமேரூர் போயிட்டான். திங்கக்கியமதான் வருவானாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்குகிற ஒரு வயசான தம்பதிக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். விடிந்ததும் காரைத் துடைக்க ஆரம்பித்தான். ரோஷன் திரையை விட்டு வெளியே வந்து, தெருவில் ஆள் இருக்கிறதுகூடப் பார்க்காமல் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கிப் போகாதீங்க."

"வாக்குக் குடுத்துட்டேன். கெயவன் கெயவி, பட்டணத்துலேருந்து வந்து ஸ்டேஷன்ல குந்திக்கினு இருப்பாங்க."

"வேற வண்டி புடிச்சிக்கட்டும்."

"மெதுவாத்தான் போவப்போறேன். முன்னாலயும் இதே ஆட்டத்தோட எத்தினி நாளு ஓட்டுனேன், இன்னா ஆச்சி? நாளைக்கி கண்ணாயிரம் வந்து நாலு தட்டு தட்டுனா சரியாயிடும்."

"இல்லீங்க. அந்தச் சக்கரத்துல..."

"அந்தச் சக்கரத்துல இன்னா?"

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான். கோபம் இல்லை, கேலியும் இல்லை. சொன்னால் கேட்டிருப்பான். அன்று கேட்டிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது? வேண்டாம் என்றதை வைத்தேன் என்பதையா, வைத்ததை ஏரியில் விட்டேன் என்பதையா? காவல் இல்லாமல் போகிறானே என்பதுதான் அவள் பயம். சக்கரத்தைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

"அது செத்தவன் சக்கரம்" என்றாள்.

"சரிதான் போ. காலங்காத்தால நல்ல பேச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். "நாஸ்தா சாயங்காலம் வந்து துன்னுக்கிறேன், மூடி வெய்யி."

நாஸ்தாவுக்கு வைத்த ஆப்பம் மூடினது மூடினபடியே இருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரம் போகிற வழியில், கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் வலது முன்சக்கரம் காரை விட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டது. கார் ஒரு பக்கம் குந்தி, சரிவில் உருண்டு பனங்கன்றுகளுக்கு நடுவே கவிழ்ந்தது. பின்னால் இருந்த கிழவருக்கும் கிழவிக்கும் சிராய்ப்போடு போயிற்று. ரஹ்மத்துல்லாவின் வலது கால் இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து காரைத் தூக்கி, அவனை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஊர் முழுக்கக் கண்ணாயிரத்தைத்தான் பேசியது. சம்மட்டியால் அடித்துச் சக்கரத்தை உடைத்தவன் என்று டீக்கடையில் அவன் காதுபடவே சொன்னார்கள். அவன் கொட்டகையைத் திறக்கவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில், கால் இல்லாத பக்கத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான்.

ஒரு மத்தியானம் ரோஷன் கஞ்சி கொண்டுவந்தபோதும் அவன் அங்கே இருந்தான். ரஹ்மத்துல்லா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"கவுந்த எடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன் பாய்" என்றான் கண்ணாயிரம். "அஞ்சு நட்டும் எடத்துலயே கீது. ஒண்ணுகூட கயலல. சக்கரந்தான் நட்டு ஓட்டயச் சுத்திக் கியிஞ்சி வந்துடுச்சி. நான் தட்டுனதுதான் பாய். ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. அத்தினி மாசம் ஒயுங்கா ஓடுனது திடீர்னு ஏன் ஆடணும்?"

"வுடு கண்ணாயிரம். உன் மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றான் ரஹ்மத்துல்லா. அப்புறம் தலையைத் திருப்பி ரோஷனைப் பார்த்தான். அவன் கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "நீ அன்னிக்கே சொன்ன. ஓதி ஒரு தகடு வாங்கியாறேன்னு சொன்ன. நாந்தான் சிரிச்சேன். இருந்திருந்தா கால் தப்பியிருக்கும். போயி ஒண்ணு வாங்கிக்கினு வா ரோஷன். தலமாட்டுல வெச்சிக்கிறேன்."

கஞ்சிப் பாத்திரத்தை அவள் தரையில் வைத்தாள். மூடி கழன்று உருண்டது.

"வெச்சிருந்தேங்க" என்றாள்.

"இன்னா?"

"அந்தச் சக்கரத்துலயே வெச்சிருந்தேன். முதுகுப்பக்கம், அரக்கு வெச்சி ஒட்டுனேன். நீங்க மேல சாயம் அடிச்சிட்டீங்க. அப்பறம், அல்லாவோட கலாம் சாணியில உருளக்கூடாதுன்னு தெரிஞ்சிது. அந்த வெள்ளிக்கியம, நீங்க தொயப் போனப்ப, சுரண்டி எடுத்து ஏரியில வுட்டுட்டேன்."

கண்ணாயிரம் எழுந்து நின்றான்.

"பாயம்மா, எந்த எடத்துல ஒட்டுன?"

"ஓட்டைங்களுக்கு நடுவுல."

"எம்மாங் கனம்?"

"காலணா கனம் இருக்கும்."

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். "நான் தொட்டேன் பாய்" என்றான். "இந்த வெரலால தொட்டேன். பட்டாளத்துக்காரன் போட்ட ஒட்டுன்னு சொன்னேன். கத்திய வெச்சி ஒரு சுரண்டு சுரண்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். சக்கரம் நேராத்தான் இருந்துது பாய். தகடு ஒரு பக்கம் தூக்கிக்கினு இருந்துது, அவ்ளோதான். நான் கோணல்னு சொல்லி நேரா இருந்தத அடிச்சி வளச்சேன். தகடு இருந்த வரிக்கும் அதுவும் இதுவும் சரியாப் போச்சி. தகட்ட எடுத்ததும் என் கோணல் மட்டும் மிஞ்சிடுச்சி. அடிபட்டு நொந்த இரும்பு அந்த ஆட்டத்துல ஓட்டயச் சுத்திக் கியிஞ்சிடுச்சி."

சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் வெளியே போனான். அப்புறம் அவன் செங்கல்பட்டில் கார் வேலை பார்க்கவில்லை. உத்தரமேரூர்ப் பக்கம் ஏற்றம் இறைக்கிற வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ரோஷன் கட்டிலோரம் நின்றிருந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ரஹ்மத்துல்லா கூரையைப் பார்த்தபடியே பேசினான். குரல் உயரவில்லை.

"வெச்சத சொல்லல, சரி. நான் சிரிப்பேன்னு பயந்துக்கின. எடுத்தத சொல்லியிருக்கலாமே ரோஷன். காலங்காத்தால கார் கதவப் புடிச்சிக்கினு நின்னியே. அப்பக்கூடச் சொல்லியிருக்கலாமே."

அன்று அவன் கேட்டபோது வாயில் இருந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். இப்போது அதே வாயைத் திறந்து அவன் முன்னால் என்ன சொல்வது?

அவள் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்தாள். ஆறி ஆடை கட்டியிருந்தது. கரண்டியால் ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் எடுத்து அவன் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் கரண்டிக்குள் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கையால் கொடுத்ததை அவன் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.